‘இந்தியப் பேரரசு’ என்றோர் எஞ்சின்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலும் கல்வெட்டுகளிலும் தேடுவது நம் வழக்கம். இரும்பிலும் அது எழுதப்பட்டிருக்கும் என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் 1937-ஆம் ஆண்டு ஒரு நீராவி எஞ்சினுக்கு ‘எம்பயர் ஆப் இந்தியா’ என்று பெயர் சூட்டினார்கள். இந்தியா விடுதலை பெற்றது, குடியரசாயிற்று. அந்த எஞ்சினோ அதே பெயரைத் தாங்கி 1964 வரை ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் அதை உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். அவ்வெஞ்சின் எந்த இனத்தைச் சேர்ந்தது, அவ்வினம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு மறைந்தது, இன்று எந்த உருவில் எஞ்சி நிற்கிறது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இங்கிலாந்தின் ரயில் எஞ்சின்களை வகை வகையாகப் பிரித்து எழுத்தும் எண்ணும் இட்டு அழைப்பார்கள். நாம் பேசப்போவது ‘ஏ-4’ என்னும் வகை. லண்டன் வடகிழக்கு ரயில்வே என்ற கம்பெனிக்காக, அதன் தலைமை எஞ்சினியர் நைஜல் கிரெஸ்லி என்பவர் அதை வகுத்தார். 1876-இல் எடின்பரோவில் பிறந்த கிரெஸ்லி, 1923-இல் அக்கம்பெனி தோன்றிய நாள்முதல் 1941-இல் தாம் மறையும்வரை அப்பதவியில் இருந்தவர். 1936-இல் ‘சர்’ பட்டம் பெற்றவர்.

1930-களின் தொடக்கத்தில் நீராவிக்குப் புதியதொரு போட்டி முளைத்தது. ஜெர்மனியில் ‘பறக்கும் ஹாம்பர்கர்’ என்ற டீசல் ரயில் 1933-இல் ஓடத் தொடங்கி, உலகத்தின் கண்களைத் தன்பால் ஈர்த்தது. கிரெஸ்லி நேரில் சென்று அதில் பயணம் செய்தார். அத்தகைய ரயிலைத் தம் கம்பெனிக்கும் வாங்கலாமா என்று ஆராய்ந்தார். ஆனால் அது சிறிய வண்டி; இடம் குறைவு; உணவு வசதியும் குறைவு. நன்கு அமைந்த நீராவி எஞ்சின், இதனினும் பெரிய வண்டியை இதே வேகத்தில் இழுக்கும் என்று அவர் கருதினார். கருதியதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தார். 1935 மார்ச்சு 5-ஆம் தேதி, பழைய வகையைச் சேர்ந்த ‘பாப்பிரஸ்’ என்ற எஞ்சின் மணிக்கு 108 மைல் வேகத்தை எட்டியது. பழைய எஞ்சினுக்கே இது இயலுமாயின், புதியதொன்றை அமைத்தால் எவ்வளவு இயலும்?

அப்புதிய எஞ்சின் ஆறே மாதத்தில் டான்காஸ்டர் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதன் பெயர் ‘சில்வர் லிங்க்’. எண் 2509. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டமேற்று இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்த வெள்ளிவிழா ஆண்டு அது. ஆதலின் லண்டனுக்கும் நியூகாசிலுக்கும் இடையே ஓடவிருந்த புதிய ரயிலுக்கு ‘சில்வர் ஜூபிலி’ என்று பெயரிட்டு, எஞ்சின்முதல் கடைசிப் பெட்டிவரை வெள்ளிச் சாம்பல் நிறம் பூசினார்கள். 1935 செப்டம்பர் 27-ஆம் தேதி முன்னோட்டம் நடந்தது. பத்திரிகைக்காரர்களும் விருந்தினரும் ஏறியிருந்த அந்த வண்டி, மணிக்கு 112½ மைல் வேகத்தை இருமுறை தொட்டது. மூன்று நாள் கழித்து மக்களுக்கான சேவை தொடங்கியது. 268 மைல் தூரத்தை நான்கு மணி நேரத்தில் கடந்தார்கள். தொடக்க வாரங்களில் வேறு ஏ-4 எஞ்சின் ஆயத்தமாகாமையால், சில்வர் லிங்க் ஒன்றே நாள்தோறும் போய்வந்து அச்சேவையை நடத்தியது.

இந்த எஞ்சினின் தோற்றம் அக்காலத்தவருக்குப் பெருவியப்பை அளித்தது. நீராவி எஞ்சின் என்றால் உருண்டையான கொதிகலன், அதன்மேல் நிமிர்ந்த புகைபோக்கி, வெளியே தெரியும் குழாய்களும் தண்டுகளும் என்பதே எவர் மனத்திலும் எழும் உருவம். ஏ-4 அவற்றையெல்லாம் ஓர் உலோகப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டது. அதன் முகம் காற்றைக் கிழிப்பதற்கு ஏற்றவாறு ஆப்புப் போலச் சரிந்திருந்தது. பக்கங்களில் ஒரு தகட்டுப் பாவாடை சக்கரங்களின் மேற்பாதியை மூடியிருந்தது. ஆனால் போர்வை வெறும் அழகுக்காக மட்டுமன்று. வேகம் மிகமிகக் காற்றின் எதிர்ப்பு பன்மடங்காகப் பெருகும். அதை வெல்லச் செலவாகும் ஆற்றலை மிச்சப்படுத்துவதே அப்போர்வையின் நோக்கம்.

இங்கேதான் மாதிரி உருவின் கதை தொடங்குகிறது. எஞ்சின்களைப் பார்த்து மாதிரி பொம்மைகளைச் செய்வார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஏ-4 எஞ்சினைப் பொறுத்தவரை மாதிரி முந்தியது, எஞ்சின் பிந்தியது. பெரிய எஞ்சினைச் செய்வதற்கு முன், அதன் சிற்றுருவைச் செய்து, டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். சரிந்த முகமுள்ள எஞ்சினில் புகை மேலெழாமல் டிரைவரின் கண்களை மறைத்துவிடும் என்ற அச்சம் இருந்தது. மாதிரியிலும் அவ்வாறே புகை தாழ்ந்து சென்றது. எத்தனை திருத்தியும் பயனில்லை. அப்பொழுது மாதிரியின் புகைபோக்கிக்குப் பின்னால், பிசைமண்ணில் எவரோ ஒருவருடைய கட்டைவிரல் பதிந்து ஒரு சிறு பள்ளம் விழுந்துவிட்டதாம். மறுமுறை காற்றைச் செலுத்தியபோது புகை சட்டென்று மேலே எழுந்து விலகிச் சென்றதாம். அந்தப் பள்ளத்தையே பெரிய எஞ்சினிலும் அமைத்தார்கள் என்றொரு செய்தி வழங்குகிறது. நூறு டன்னுக்கு மேற்பட்ட எஞ்சினில் ஒரு கட்டைவிரலின் தடம்! தவறும் சில வேளைகளில் ஆசானாக அமைவதுண்டு.

எஞ்சினின் உள்ளமைப்பையும் சுருக்கமாகக் கூறிவிடலாம். முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு பெரிய இயக்கு சக்கரங்கள், பின்னே இரண்டு சிறு சக்கரங்கள். இவ்வமைப்பைப் ‘பசிபிக்’ என்பர். இயக்கு சக்கரம் ஒவ்வொன்றும் 6 அடி 8 அங்குல விட்டம் உடையது. நல்ல உயரமுள்ள மனிதனும் அதனருகில் நின்றால் அதைவிடக் குள்ளமாகவே தோன்றுவான். கொதிகலனில் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தம். பெரும்பாலான எஞ்சின்களில் இரண்டு சிலிண்டர்களே இருக்கும். இதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டும், நடுவில் மறைவாக ஒன்றும் ஆக மூன்று. பின்னால் வரும் டெண்டரில் 9 டன் நிலக்கரியும் 5,000 காலன் தண்ணீரும் கொள்ளும்.

அந்த டெண்டரில் ஒரு விந்தை உண்டு. லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே 393 மைல். இடையில் எங்கும் நில்லாமல் ஓட வேண்டுமாயின் எஞ்சினுக்கு இயலும், மனிதனுக்கு இயலாது. ஒரே டிரைவரும் ஒரே தீயாளும் அவ்வளவு தூரம் உழைத்தல் அரிது. ஆகவே டெண்டரின் ஒரு பக்கத்தில் 18 அங்குல அகலமும் 5 அடி உயரமும் உள்ள ஒரு நடைவழியைக் கிரெஸ்லி அமைத்தார். 1928-ஆம் ஆண்டிலேயே அவருடைய முந்திய எஞ்சின்களில் இது வந்துவிட்டது. முதற்பெட்டியில் ஓய்ந்திருக்கும் மாற்றுக் குழுவினர், யார்க் நகருக்கு வடக்கே பாதித் தூரத்தில், ஓடும் வண்டியிலேயே அந்த இடுக்கு வழியே குனிந்து நடந்து எஞ்சினை அடைவார்கள். முன்னவர் விடைபெற்றுப் பெட்டிக்குத் திரும்புவார்கள். பயணிகளுக்கு இது தெரியவும் தெரியாது. தண்ணீரும் அவ்வாறே. இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் நீண்ட தொட்டிகளை அமைத்து நீர் நிரப்பியிருந்தார்கள். ஓடும் எஞ்சின் ஓர் அகப்பையைத் தாழ்த்தி அந்நீரை அள்ளிக்கொண்டு போகும்.

ஏ-4 வகையில் 1935 முதல் 1938 வரை மொத்தம் 35 எஞ்சின்கள் செய்யப்பெற்றன. கிரெஸ்லி நீர்ப்பறவைகளை விரும்பி வளர்த்தவர். ஆகவே பல எஞ்சின்களுக்குப் பறவைகளின் பெயர்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று ‘மல்லார்ட்’. காட்டு வாத்து என்பது அதன் பொருள். எண் 4468. அந்த வாத்துதான் உலகச் சாதனையை நிகழ்த்தியது.

1938 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. பிரேக் சோதனை என்ற பெயரில், ஆறு பெட்டிகளும், வேகத்தையும் இழுவையையும் தாளில் கோடாகப் பதியும் அளவைப் பெட்டி ஒன்றும் பூட்டிய வண்டியுடன் மல்லார்ட் கிரந்தம் நிலையத்தைத் தாண்டித் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. டிரைவர் ஜோ டட்டிங்டன், அறுபது வயதைக் கடந்தவர். தீயாள் டாமி பிரே. ஸ்டோக் என்ற மேட்டின் உச்சியைக் கடந்ததும் பாதை சரிகிறது. அச்சரிவில் எஞ்சின் வேகம் கொண்டது. நூறு மைல், நூற்றுப் பத்து, நூற்று இருபது. அளவைத் தாளில் 125 மைல் வேகம் பதிந்தது. ஒரு கணம் 126-ஐத் தொட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் ஜெர்மானிய எஞ்சின் ஒன்று நிறுவியிருந்த 124½ மைல் சாதனை முறிந்தது.

ஆனால் வெற்றிக்கு விலையும் இருந்தது. நடுச் சிலிண்டரின் பெரிய தாங்கி சூடேறி உருகத் தொடங்கியது. அத்தாங்கி காய்ந்தால் டிரைவருக்கு எச்சரிக்கை கிடைக்கும்பொருட்டு, சோம்பு எண்ணெய் அடங்கிய சிறு குப்பி ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள். சோம்பின் நெடி எழுந்தது. டட்டிங்டன் வேகத்தைக் குறைத்தார். பீட்டர்பரோவில் மல்லார்ட் வண்டியிலிருந்து கழற்றப்பட்டது. வேறோர் எஞ்சின் வண்டியை லண்டனுக்கு இட்டுச் சென்றது. கிரெஸ்லி நேர்மையாளர். ஒரு கணம் தோன்றிய 126 என்ற எண்ணை அவர் சாதனையாக ஏற்கவில்லை. 125 என்றே கொண்டார். 126 என்று பொறித்த பலகை அவர் மறைவுக்குப் பின்னர்தான் எஞ்சினில் ஏறியது. ஜெர்மானியர் சமதரையில் ஓட்டினார்கள், ஆங்கிலேயர் சரிவில் ஓட்டினார்கள் என்ற வாதமும் உண்டு. வாதம் எதுவாயினும், அந்த எண்ணை வேறெந்த நீராவி எஞ்சினும் ஐயத்துக்கு இடமின்றி வென்றதில்லை.

இனி நம் கதைக்குரிய எஞ்சினிடம் வருவோம். 1937 மே மாதம் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடினார். அதைக் கொண்டாட, லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஆறு மணி நேரத்தில் செல்லும் ‘கொரனேஷன்’ என்ற ரயில் அவ்வாண்டு ஜூலையில் தொடங்கப்பெற்றது. அதற்கென ஐந்து ஏ-4 எஞ்சின்களுக்கு நீல வண்ணம் பூசி, சாம்ராஜ்யத்தின் ஐந்து நாடுகளின் பெயர்களைச் சூட்டினார்கள். டொமினியன் ஆப் கனடா, காமன்வெல்த் ஆப் ஆஸ்திரேலியா, டொமினியன் ஆப் நியூசிலாந்து, யூனியன் ஆப் சௌத் ஆப்பிரிக்கா, எம்பயர் ஆப் இந்தியா. கனடாவின் எஞ்சினுக்கு அந்நாட்டிலிருந்தே ஒரு மணி வந்தது; எஞ்சினின் முகத்தில் அதைப் பொருத்தினார்கள்.

அரசாங்க ஆவணங்களைத் தமிழாக்குவது என் தொழில். ஆகவே இந்த ஐந்து பெயர்களையும் படித்தபோது என் மனம் வேகத்தைவிட்டு இலக்கணத்தில் சென்று நின்றது. ‘காமன்வெல்த் ஆப் ஆஸ்திரேலியா’ என்பதைத் தமிழில் விரித்தால், ஆஸ்திரேலியாவாகிய காமன்வெல்த் என்று விரியும். இருபெயரொட்டு. நாடும் அரசும் அங்கே ஒன்றே. கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் அவ்வாறே. அப்பெயர்கள் அந்நாட்டு அரசுகள் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட பெயர்கள். ‘எம்பயர் ஆப் இந்தியா’ என்பதை அவ்வாறு விரிக்கலாமா? இந்தியாவாகிய பேரரசு என்றால், ஆள்வது யார் என்ற வினா எழும். இந்தியாவினது பேரரசு என்றால் ஆறாம் வேற்றுமை. ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கிழமை, அதாவது உடைமை. அதிலும் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் இரண்டு உண்டென்று நம் இலக்கணத்தார் பிரித்தார்கள். சாத்தனது கை என்பது தற்கிழமை, அவனைவிட்டுப் பிரியாதது. சாத்தனது பசு என்பது பிறிதின்கிழமை. பிரித்து வேறொருவர் கொண்டுபோகக் கூடியது. இந்தியாவில் இருந்த அந்தப் பேரரசு இந்தியாவின் கையன்று. இந்தியாவின் பசுவும் அன்று. இந்தியாவே அங்கே பசு. கயிறு வேறொருவர் கையில் இருந்தது.

ஐந்து பெயர்களில் நான்கு, ஆள்வோர் தம்மைத் தாமே அழைத்த பெயர்கள்; ஐந்தாவது, ஆளப்பட்டோருக்குப் பிறர் இட்ட பெயர். அந்நான்கிலும் தென்னாப்பிரிக்காவின் ‘ஐக்கியம்’ அம்மண்ணின் பெரும்பான்மை மக்களைப் புறத்தே நிறுத்திய ஐக்கியம் என்பதையும் நாம் மறக்கலாகாது. நீல வண்ணத்தில் ஒரே அச்சில் வார்த்த ஐந்து எஞ்சின்கள் ஒன்றுபோலவே தோன்றின. பெயர்ப்பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தால்தான் வேற்றுமை தெரிகிறது.

போர் வந்தது. கொரனேஷன் முதலிய அதிவேக ரயில்கள் 1939-இல் நின்றன. நீலமும் வெள்ளியும் மறைந்து, எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் கறுப்பு வண்ணம் பூசினார்கள். பழுதுபார்ப்பது எளிதாக வேண்டித் தகட்டுப் பாவாடைகளையும் கழற்றினார்கள். வேகத்துக்கெனப் பிறந்தவை அளவுக்கு மீறிய பாரங்களை இழுத்தன. 1942 ஏப்ரல் 29-ஆம் தேதி யார்க் நகரின்மீது விழுந்த குண்டுகளில் ஓர் ஏ-4 எஞ்சின் சிதைந்தது. எஞ்சியவை 34.

1948-இல் பிரிட்டனின் ரயில்வேக்கள் நாட்டுடைமையாயின. நம் எஞ்சினுக்கு 60011 என்ற புதிய எண் கிடைத்தது. எண் மாறியது, பெயர் மாறவில்லை. அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதியே இந்தியா விடுதலை பெற்றுவிட்டது. 1948-இல் இங்கிலாந்து மன்னரே ‘இந்தியச் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்தைக் கைவிட்டார். 1950-இல் நாம் குடியரசானோம். மன்னர் துறந்த பட்டத்தை எஞ்சின் துறக்கவில்லை. ஒருவரும் வேண்டுமென்று அதைக் காத்ததாகக் கருத வேண்டுவதில்லை. வரலாறு மாறினாலும் பித்தளைப் பலகைகள் தாமாகக் கழன்று விழுவதில்லை. ஒருவர் எழுந்து சென்று திருகாணியைக் கழற்ற வேண்டும். அதற்கு எவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவே.

1953 முதல் 1961 வரை ஏ-4 எஞ்சின்களுக்கு ஓர் இளவேனில் திரும்பி வந்தது. ‘எலிசபெத்தன்’ என்ற கோடைக்கால ரயில், லண்டனையும் எடின்பரோவையும் ஆறரை மணி நேரத்தில் நில்லாமல் இணைத்தது. பின்னர் டீசல் எஞ்சின்கள் வந்து அப்பாதையைக் கைக்கொண்டன. எஞ்சியிருந்த ஏ-4 எஞ்சின்கள் சிலவற்றை ஸ்காட்லாந்துக்கு அனுப்பி, கிளாஸ்கோவுக்கும் அபர்டீனுக்கும் இடையே ஓட்டினார்கள். 1966 செப்டம்பரில் அவ்வினத்தின் தொழில் முற்றிலும் முடிவுற்றது. முதன்முதலில் பிறந்த சில்வர் லிங்க் 1962-இன் இறுதியில் விலக்கப்பட்டு, பின்பு உடைக்கப்பட்டது. எம்பயர் ஆப் இந்தியா 1964-இல் விலக்கப்பட்டு அதே முடிவை எய்தியது. 35-இல் இன்று எஞ்சியவை ஆறு. மல்லார்ட் யார்க் நகரத்துத் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்று அமெரிக்காவுக்கும், ‘டொமினியன் ஆப் கனடா’ கனடாவுக்கும் சென்றன. 2013-இல் மல்லார்டின் சாதனைக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தபோது, கடல் கடந்த அவ்விரண்டையும் கப்பலில் வரவழைத்து, ஆறையும் யார்க்கில் ஒருங்கே நிறுத்தினார்கள். கனடா வந்திருந்தது; தென்னாப்பிரிக்கா வந்திருந்தது. இந்தியாவின் பெயர் தாங்கியது அக்கூட்டத்தில் இல்லை.

அப்படியானால் அது எங்கே இருக்கிறது? புகைப்படங்களிலும் மாதிரி உருக்களிலும் இருக்கிறது.

லிவர்பூலில் இருந்த மெக்கானோ என்ற கம்பெனி 1938-இல் ‘ஹார்ன்பி டப்ளோ’ என்ற பெயரில் மேசைமீது ஓடும் சிறிய ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் முதல் எஞ்சின்களுள் ஒன்றாக அமைந்தது ஓர் ஏ-4. கிரெஸ்லி வகுத்த பசிபிக் எஞ்சின்களில் நூறாவது எஞ்சினுக்கு அவர் பெயரையே சூட்டியிருந்தார்கள். அந்த ‘சர் நைஜல் கிரெஸ்லி’யே பொம்மையாகவும் வந்தது. சாவி கொடுத்து ஓட்டுவது ஒன்று. மின்சாரத்தில் ஓடுவது ஒன்று. போர்க்காலத்தில் உலோகம் கிடைக்காமையால் செய்வது நின்றது; 1947-இல் மீண்டும் தொடங்கியது. அன்றுதொட்டுப் பல கம்பெனிகள் ஏ-4 எஞ்சினைப் பல அளவுகளில் செய்து வந்திருக்கின்றன.

இந்த மாதிரிகளின் கணக்கு சுவையானது. ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்பது அளவு. அதாவது ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. டெண்டரோடு சேர்த்து 71 அடி நீளமுள்ள எஞ்சின் 28 சென்டிமீட்டராகிவிடும். 6 அடி 8 அங்குலச் சக்கரம் நம் பத்து ரூபாய் நாணயத்தின் அளவுக்குச் சுருங்கும். நீளம் 76-இல் ஒன்றானால், அகலமும் உயரமும் அவ்வாறே சுருங்குவதால், எடை நான்கு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். டெண்டரோடு 168 டன் கொண்ட எஞ்சின், அதே பொருள்களால் உள்ளும் புறமும் அப்படியே செய்யப்பட்டால், 400 கிராமைக்கூட எட்டாது. மல்லார்டின் 126 மைல் வேகத்தை அதே அளவில் குறைத்தால், மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. உலகச் சாதனை வேகத்தில் ஓடும் மாதிரியை ஒரு சிறுவன் ஓடாமலே, மெல்ல நடந்தே முந்திவிடலாம். ஆனால் லண்டன்–எடின்பரோ பாதையை அதே அளவில் அமைக்க வேண்டுமாயின் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் வேண்டும். எந்த வீட்டில் அதற்கு இடம்?

ஆகவே மாதிரி என்பது எப்பொழுதும் ஒரு சமரசம். அச்சமரசம் தண்டவாளத்திலேயே தொடங்குகிறது. ஆங்கிலேயப் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். அளவுப்படி பார்த்தால் மாதிரித் தண்டவாளம் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் வழக்கத்தில் உள்ளது 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பியர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்ற அளவில் தண்டவாளம் அமைத்தார்கள். ஆங்கிலேய எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களினும் உருவில் சிறியவை; அக்காலத்து மோட்டார் அவற்றின் வயிற்றில் அடங்கவில்லை. எனவே தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் பெரிதாக்கிவிட்டார்கள். இதனால் மாதிரி மல்லார்ட், தனக்குரிய பாதையினும் ஏழு அங்குலம் குறுகிய பாதையில் இன்றளவும் ஓடுகிறது. இக்குறையைப் பொறாதவர்கள் 18.83 மில்லிமீட்டர்ப் பாதையைத் தாமே கையால் அமைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டு அகலப் பாதையாகிய 5 அடி 6 அங்குலத்தை இதே அளவில் அமைக்க விரும்புவோருக்கு 22 மில்லிமீட்டர் வேண்டும்.

இச்சிறு எஞ்சின்களை ஏன் பெரும்பாலும் நீராவியால் ஓட்டுவதில்லை என்று வினவலாம். சிறிய டம்ளரில் ஊற்றிய காப்பி விரைவில் ஆறிவிடும். அண்டாவில் உள்ளது நெடுநேரம் சூடாக இருக்கும். உருவம் சிறுக்குந்தோறும் கொள்ளளவு விரைந்து குறைகிறது. வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ அவ்வளவு விரைவில் குறைவதில்லை. நகத்தளவுக் கொதிகலனில் நீராவியைக் காப்பது பெரும்பாடு. எனவே மெய்யாகவே நிலக்கரி எரித்து நீராவியில் ஓட்ட விரும்புவோர், ஐந்து அங்குலப் பாதை போன்ற பெரிய அளவுகளில் பல ஆண்டுகள் உழைத்துத் தம் எஞ்சினைச் செய்துகொள்கிறார்கள். அதன் பின்னால் மனிதர் அமர்ந்தே செல்லலாம்.

இதில் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பாகம் பாகமாக ஏ-4 மாதிரியைச் செய்யும் ஒருவன், இறுதியில் ஒரு முடிவு செய்ய வேண்டும். எந்தப் பெயர்ப்பலகையை ஒட்டுவது? பாவாடை இருக்க வேண்டுமா, வேண்டாவா? நீலமா, கறுப்பா, பச்சையா? ஒரு நாளைக் குறித்துக்கொண்டாலன்றி இவ்வினாக்களுக்கு விடையில்லை. பாவாடையும் நீலமும் 4490 என்ற எண்ணும் கொண்ட எம்பயர் ஆப் இந்தியா என்றால் அது 1937. பாவாடையின்றி 60011 என்ற எண் தாங்கியது என்றால், விடுதலை பெற்ற இந்தியா வேறோரிடத்தில் தன் அரசியல் சட்டத்தின்படி தேர்தல் நடத்திக்கொண்டிருந்த காலம். பொம்மை செய்பவன் தன்னை அறியாமலே வரலாற்றாசிரியன் ஆகிவிடுகிறான்.

இன்று வாழும் இந்தியன் ஒருவன் தன் மேசைமீது ஓடும் எஞ்சினுக்கு அப்பெயரை வைக்கலாமா? உடன்பிறந்த எஞ்சின் ஒன்றன் அனுபவம் இங்கே பயன்படும். ‘யூனியன் ஆப் சௌத் ஆப்பிரிக்கா’ காக்கப்பட்ட ஆறில் ஒன்று. 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு எதிர்ப்பு ஓங்கியபோது, அப்பெயரை நீக்கி ‘ஆஸ்பிரே’ என்ற பறவைப் பெயரைச் சிலகாலம் பொருத்தினார்கள். அந்த எஞ்சினுக்கு முதலில் கருதியிருந்த பெயரும் அதுவே. பின்னர் அந்நாட்டில் நிறவெறி ஒழிந்தது. பழைய பெயரும் எஞ்சினுக்குத் திரும்பிவிட்டது. உயிரோடு ஓடும் எஞ்சினுக்கு அது தகும். மக்கள் முன்னிலையில் ஒரு பெயரைச் சுமந்து செல்வது அப்பெயருக்குச் செய்யும் மரியாதை அன்றோ? ஆனால் மாதிரி உரு சுமப்பது மரியாதையை அன்று; சாட்சியத்தை. அதன் பெயரை அழகுபடுத்தினால், 1937-இல் நம்மை எவ்வாறு அழைத்தார்கள் என்பதற்கான சாட்சி ஒன்று குறையும். எனக்கு உடன்பாடானது, பெயரை அப்படியே வைத்து, அதன் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்வதே.

என் பாட்டனார் 1950-களில் உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னையிலிருந்து தில்லிக்கு வந்தவர். அவரை இழுத்து வந்த எஞ்சின்களைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். கூம்பிய மூக்கில் நட்சத்திரம் பதித்த ‘டபிள்யூ.பி.’ எஞ்சின்கள் அவை. அவையும் பசிபிக் அமைப்பைச் சேர்ந்தவையே. விடுதலை பெற்ற ஆண்டிலேதான் முதன்முதல் நம் நாட்டுக்கு வந்தன. பின்னர் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் நாமே அவற்றைச் செய்யவும் செய்தோம். கண்ணில் விழுந்த கரித்துகளும், வேட்டியில் படிந்த புகையும், மூன்றாம் நாள் காலையில் தில்லிக் குளிரில் இறங்கியதும் அவருக்கு மறக்கவே இல்லை. வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய கதை ஒன்று இருக்கும். அக்கதைகளை இழுத்து வந்த எஞ்சின்களிலும் பெரும்பாலானவை இரும்புக் கடைக்கே போயின. சில, தில்லியில் 1977-இல் திறக்கப்பெற்ற தேசிய ரயில் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் நிற்கின்றன.

ஆங்கிலேயர் தம் எஞ்சின்களின் ஒவ்வொரு திருகாணியையும் குறித்துவைத்து, 76-இல் ஒரு பங்காகச் செய்து, தம் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். அதனால்தான் உடைந்துபோன ‘எம்பயர் ஆப் இந்தியா’வைப் பற்றி இத்தனை செய்திகளை நாம் இன்று அறிகிறோம். நம்மை இழுத்து வந்த எஞ்சின்களைப் பற்றி நம் பிள்ளைகள் எவ்வளவு அறிவார்கள்? அடுத்த விடுமுறையில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, ஓர் எஞ்சினின் முன் நிறுத்தி, பாட்டனார் எந்த நிலையத்தில் ஏறினார், எத்தனை நாள் பயணம் செய்தார், ஏன் வந்தார் என்பதைச் சொல்லுங்கள். நமக்கு நாமே பெயரிட்டுக்கொள்ளும் உரிமை 1947-இல் வந்தது. நம் கதையை நாமே சொல்லும் கடமையும் அதனோடு வந்ததுதான்.